இரவல் பக்கம்

தலவாக்கலையில் நான் இருக்கும் அறைக்கு
உலர்ந்த சுவர் ஒன்றுதான்.
மறுபக்கம் பேக்கரியின் போறணை.
புத்தகங்களை அந்தச் சுவரோரம் அடுக்கிவிட்டு
ஈரச் சுவரோரம் நான் படுக்கிறேன்.

ஒரே நூலை மூன்றாம் தடவை
காசு கொடுத்து வாங்கி வந்த அன்று
இதற்கொரு செயலி செய்வதென்று முடிவெடுத்தேன்.
பகலில் ஹார்ட்வெயார் கடையில்
ஆணிக்கும் தகரத்துக்கும் கணக்கு.
இரவில் இது.

முன்பே ஒரு பட்டியல் இருந்தது, பழைய எழுத்துருவில்.
இப்போது திறந்தால் தமிழைக் காணோம்,
ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்
சாக்கு கிழிந்த கொத்தமல்லி மாதிரி.

முதலிலிருந்து தொடங்கினேன்.
தலைப்பு. ஆசிரியர். பதிப்பு. விலை.
இருக்கும் இடம்: சுவரோரம், கட்டிலடி, பிஸ்கட் டின்.
போன் கமரா பார்கோடு வாசிக்கும்,
பார்கோடு இருந்தால்.
அட்டை கழன்ற ஒன்றை அது
நெடுநேரம் பார்த்தது,
பிறகு என் கட்டைவிரலைப் பார்த்தது.

அகர வரிசையில் நில் என்றேன்.
ழவும் ளவும் வவுக்கு முன்னால் போய் நின்றன.
அதன் அரிச்சுவடி அப்படியாம்.
திருத்த இரண்டு ஞாயிறு போனது.
மூன்றாம் ஞாயிறு மழை, கரண்ட் இல்லை,
பற்றரி பதினொரு வீதம்.

அப்புறம் இரவல் பக்கம்.
உண்மையைச் சொன்னால் எல்லாமே இதற்காகத்தான்.
யார் கொண்டுபோனது, எப்போது, எத்தனை நாள்.
நாள் தாண்டினால் பெயர் சிவக்கும்.
புஸ்பகாந்தன் சிவந்தான்.
பொகவந்தலாவை டீச்சர் சிவந்தார்.
கட்டாருக்குப் போன மரியநேசன்
ஆறு வருஷச் சிவப்பு.
அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம்.

மறுநாள், இருநூற்றுப் பதினேழாவது.
முதல் பக்கத்தில் ஊதா முத்திரை:
ஏதோ ஒரு டிவிசன் வாசிகசாலை,
பெயரில் பாதியைப் பூஞ்சணம் தின்றிருந்தது.
அதன் கீழே பேனையில் தி. குமுதேஸ்வரி.
அதற்கும் கீழே, என் கையெழுத்தில், என் பெயர்.
எதையும் அடித்துவிட்டு எழுதவில்லை.
இடம் இருந்தது, எழுதியிருக்கிறேன்.

உரிமையாளர் என்றொரு புலம்
நான் வைக்கவேயில்லை.
எல்லாம் என்னுடையவை என்பது
நிரலில் எங்கும் எழுதாமலே ஓடிக்கொண்டிருந்தது.

சேர்த்தேன்.
முன்னூற்று நாற்பது வரியிலும் வெற்றிடம்.
ஒவ்வொன்றாய் எடுத்து முதல் பக்கம் பார்த்தேன்.
சிலவற்றில் முதல் பக்கமே இல்லை,
அடிமட்டம் வைத்து, நேராகக் கிழித்திருந்தது.
அந்த அறையில் அடிமட்டம் வைத்திருப்பவன்
நான் ஒருவன்தான்.

கீழே மா பிசையும் மெஷின் தொடங்கும் நேரம்
எண்ணிக்கை வந்தது.
என்னிடமிருந்து போனவை ஒன்பது.
பிறரிடமிருந்து வந்து தங்கிவிட்டவை முப்பத்தொன்று,
முத்திரையும் பெயரும் மிஞ்சியதில் மட்டும்.
நான் எழுதிய விதிப்படியே
திரை முழுக்கச் சிவப்பு.

குமுதேஸ்வரிக்கு இப்போது ராகலையில் பார்மசி.
இலக்கம் தேடி எடுக்க நாலு நாள்.
எடுத்த பிறகு அழைக்க இன்னும் ஆறு நாள்.
"புத்தகமா?" என்றார். யாருக்கோ மாத்திரை எண்ணுகிற சத்தம்.
"அட்டையில ஒரு காக்கா இருக்குமே, அதுவா?"
அட்டை என்னிடம் வரும்போதே இல்லை.
அல்லது இருந்தது.
அதுதாங்க என்றேன்.
"அது ஏம் புத்தகமில்லிங்க. வாசிகசாலையோடது.
நானும் திருப்பிக் குடுக்கல.
அத இடிச்சிட்டு இப்ப மரக்கறி ஸ்டோரு."

இரண்டு பேரும் கொஞ்சம் பேசாமல் இருந்தோம்.

"ஒண்ணு செய்ங்களேன்," என்றார்,
"அந்தப் பக்கமா வந்தா கொண்டாங்க.
ஒருக்கா வாசிச்சிட்டுத் தாறேன்."

இரவல் பக்கத்தைத் திறந்து
அவர் பெயரைப் பதிந்தேன்.
எத்தனை நாள் என்று கேட்டது.